கறுப்பு லேபிளைப் பற்றி ஒரு திருத்தம்

டொலிடோ, ஒஹாயோ
மார்ச் 9, 1975

இசைத்தட்டு சேகரிப்போர் மாத இதழின் ஆசிரியர் திரு. வெண்டெல் ஹார்க்னஸ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டாரும் நலம்தானே. இங்கே என் கணவர் ஆர்தெலின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். எங்கள் ‘மரங்கொத்தி’ இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாற்றையும் தட்டின் நடுவில் ஒட்டும் லேபிள்களின் அழகையும் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். மிக்க நன்றி. ஆனால் அதில் ஒரு வரிகூட உண்மை இல்லை ஐயா.

முதல் லேபிளின் பச்சை ‘காட்டின் குறியீடு’ என்கிறீர்கள். எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்த நோவிட்ஸ்கியிடம் ஊறுகாய்க் கம்பெனியின் பச்சைக் காகிதம் மிச்சம் கிடந்தது, அதுதான் காடு; லேபிளைத் திருப்பினால் பின்னால் வெள்ளரிக்காய்ப் படம். எங்களிடம் பாடியவள் ஆர்தெலின் தங்கை செல்மா. அவள் அதைப் பார்த்து, “இருக்கட்டும் அண்ணி, என் பாட்டும் ஊற ஊறத்தான் ருசிக்கும்”னு சிரித்தாள். அடுத்து வந்த மஞ்சள் லேபிளில் பறவை இடப்பக்கம் திரும்பியது ‘கலகக் குரல்’ அல்ல, நோவிட்ஸ்கி மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டு மாற்றிச் செதுக்கிய கோலம். மூன்றாவதாகச் சிவப்பு லேபிள் அடிக்கும்போது அச்சில் அலகே உடைந்து, மரங்கொத்தி புறாவாகிவிட்டது.

அது 1959 ஜனவரி. மாதிரியைப் பார்த்ததும் ஆர்தெல் சண்டை போட அச்சகத்துக்குக் கிளம்பினார். அன்று புதுத் தட்டை ஃபிண்ட்லே வானொலி நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோக வேண்டியது. “அண்ணே, நீ போய் அதுக்கு ஒரு மூக்கு வாங்கிட்டு வா. ஃபிண்ட்லேக்கு நான் ஓட்டிட்டுப் போறேன்” என்றாள் செல்மா. “ரோடெல்லாம் பனி. மெதுவா போ, கழுதை” என்றார் இவர். பாலத்தில் கார் வழுக்கி லாரியில் மோதியது. அவள் போய்விட்ட சேதியைச் சொல்லப் போலீஸ்காரர் அச்சகத்துக்கு வந்தபோது இவரும் நோவிட்ஸ்கியும் அலகின் நீளத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

நோவிட்ஸ்கி யாரையும் கேட்கவில்லை. சிவப்பு மையைக் கழுவிவிட்டு, பறவையை எடுத்துவிட்டு, கறுப்புத் தாளில் அவள் பெயரை மட்டும் வெள்ளி எழுத்தில் அடித்துக் கொடுத்தார். முந்நூறு தட்டு. அதோடு நிறுவனம் முடிந்தது. நீங்கள் அதை ‘நிறுவனரின் துணிச்சலான நவீன வடிவமைப்பு’ என்கிறீர்கள். அந்த நிறுவனர் ஆர்தெலுக்கு அந்த வாரம் செருப்பை மாட்டிவிட்டதே நான்தான். இந்தத் திருத்தத்தைப் பெரிய எழுத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

உங்கள் ஊரிலும் சீக்கிரம் பனி உருகட்டும், குழந்தைகள் சுகமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
லுவினியா பெட்டிஃபோர்ட்

பி.கு.: இதை உறையில் போடும் நேரத்தில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. ஆர்தெல் உங்கள் கட்டுரையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டிக்கொண்டிருந்தார். “கறுப்பு என் யோசனைதாம்மா. எங்க செல்மாவுக்குக் கறுப்பு கவுன்னா உசிரு” என்றார். பதினாறு வருடமாக அவர் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ஆகவே தயவுசெய்து மேலே எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட அச்சிட வேண்டாம். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். இதழ் இன்னும் மூன்று பிரதி வேண்டுமாம் அவருக்கு.