பேஸ் கிட்டாருக்கு ஒரு பல் வைத்தியம்

நோயாளி படுக்க வேண்டிய நாற்காலியில் பேஸ் கிட்டார் மல்லாந்து படுத்திருந்தது. கழுத்தில் நீலத் துண்டுகூடக் கட்டியிருந்தது. பல் விஷயமாக வந்த மாமியார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் அத்தை," என்றார் பல் டாக்டர், டிரில்லுக்குப் புது முனை மாட்டிக்கொண்டே.

"பரவாயில்ல மாப்பிள்ளை. நான் வந்ததே..."

"தெரியும். உங்க பொண்ணு காலையிலேயே சொல்லிட்டா. பல்லு விஷயமா என்னைப் பாக்கணும்னு."

"பல்லு விஷயம்தான். அத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"என்கிட்ட என்ன கூச்சம்? வாயத் திறங்க."

மாமியார் ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஊசி உள்ளே போய்விட்டது. அது வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் பஞ்சு போனது.

"மரத்துப் போகட்டும். அதுவரைக்கும் வாயத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. அதுக்குள்ள நான் இந்தக் குழிய முடிச்சிடறேன்."

மாமியாரைப் பார்த்து வாயை மூடுங்கள் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் அந்த வீட்டில் சோறு சாப்பிடக்கூடிய மாப்பிள்ளை உலகத்தில் பல் டாக்டர் ஒருவர்தான். அந்தச் சலுகையை அவர் அளவோடுதான் அனுபவித்து வந்தார். இன்றைக்கு அவசரம்.

மாலையில் ஆஸ்பத்திரி ஆண்டு விழா. டாக்டர்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவில் காது டாக்டர் டிரம்ஸ், எலும்பு டாக்டர் கீபோர்டு, இவர் பேஸ். காது டாக்டர்தான் தலைவர். வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பேசிக் காலத்தை ஓட்டியவர் நம் டாக்டர். அவர் சொல்வதை நாலு பேர் காது கொடுத்துக் கேட்ட இடம் மேடை மட்டும்தான். அங்கேயும் இத்தனை நாள் பின்வரிசை. இன்றைக்குத்தான் முதல் தடவையாக, பாட்டின் நடுவில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் தனியாக ஒரு சுற்று வாசிக்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்குச் சட்டைப் பித்தான் இறுகியது.

அந்தச் சுற்று ஆரம்பிப்பது தடித்த தந்தியில். அதைத் தட்டினால் 'தூம்' என்று வர வேண்டும். கூடவே 'கரகர' என்று ஒரு சத்தமும் வந்தது.

"எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே," என்றார்கள் குழுவில். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். போதாத காலம், எதைத் தொட்டாலும் கரகரத்தது. புதிதாக வாங்கிய காரில்கூட இதே சத்தம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை, இவர் ஏறி உட்கார்ந்தால் கரகர.

வாத்தியக் கடைக்காரர் வழி சொன்னார். தந்தி அதிர்வதை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற காந்தப் பட்டைக்குப் பிக்கப் என்று பெயர். இவருடைய பேஸில் அது ஒன்றுதான், நடுவில் இருந்தது. "தந்தி முடியற ஓரத்துல இன்னொரு பிக்கப் வைங்க சார். சத்தம் கணீர்னு வரும், கரகரப்பெல்லாம் அண்டாது," என்றார் அவர். மரத்தில் ஒரு குழி எடுத்து உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான். குழி எடுப்பதைப் பற்றிப் பல் டாக்டருக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

அவர் டிரில்லை எடுத்துக் கிட்டாரின் மேல் குனிந்தார்.

"வலிச்சா கையத் தூக்குங்க," என்றார் பழக்கதோஷத்தில்.

மாமியார் கையைத் தூக்கினார்.

"உங்களுக்கு இல்ல அத்தை."

பல் டிரில்லின் முனை கடுகளவுதான். மரத்தில் அது இறங்குவதைப் பார்த்தால் கரண்டியால் கிணறு வெட்டுகிற மாதிரி இருந்தது. போதாததற்கு, காலால் பெடலை மிதித்ததும் அது பல்லுக்குப் பீய்ச்சுகிற தண்ணீரை மரத்துக்கும் பீய்ச்சியது. குழி ஓரத்தில் வார்னிஷ் உப்பிக்கொண்டு வந்தது. உப்பியதைச் சுரண்டினார். சுரண்டியதில் குழி ஒரு பக்கம் அகலமாகிவிட்டது. பிக்கப்பை வைத்தால் அதற்குள் புரண்டு படுத்தது.

இதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்? பல் சிமெண்ட்டைக் குழைத்து, பிக்கப்பைச் சுற்றிப் பூசி, நீல விளக்கைக் காட்டினார். ஒரே நிமிடத்தில் பாறையாக இறுகிவிட்டது. இறுகிய பிறகுதான் பிக்கப் கோணலாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒருவர் வாயில் வைத்தால் ஆயுசுக்கும் அசையாது என்று அவரே சொல்லிச் சொல்லி விற்ற சிமெண்ட் அது.

"கோணலா இருந்தா என்ன, சத்தம் நேரா வந்தாப் போதும்," என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

நுட்பமான சத்தம் கேட்க அவருக்கு ஒரு வழி உண்டு. கிட்டார் உடம்பின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் தாடையைப் பதித்துக்கொண்டு தந்தியைத் தட்டுவார். உடம்பெல்லாம் கேட்கும். அப்படியே தாடையை வைத்து, கண்ணை மூடி, தடித்த தந்தியைத் தட்டினார்.

தூம். கரகர.

"ம்ம்ம், ம்ம்," என்றார் மாமியார். அவருடைய விரல் தன் வலது கன்னத்தைக் காட்டியது.

"இன்னும் வலிக்குதா? மருந்து பத்தல போல."

மாமியார் தலையை இடமும் வலமும் ஆட்டினார். பயப்படுகிறார் என்று புரிந்துகொண்ட மாப்பிள்ளை, ஆறுதலாக முதுகில் தட்டிவிட்டு இரண்டாவது ஊசியைப் போட்டார். அதோடு மாமியாரின் மூக்கு நுனி வரைக்கும் மரத்துப் போனது.

கோளாறு ஒயரில் இருக்குமோ என்று இப்போது அவருக்குச் சந்தேகம். புது பிக்கப்பின் ஒயர், கிட்டாருக்குள் ஒயர்களெல்லாம் சேர்கிற பொந்துக்குப் போக மரத்துக்குள்ளேயே ஒரு துளை வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். டாக்டர் டிரில்லை விட்டார். அது அந்தப் பொந்துக்குப் போகவில்லை. கிட்டாரின் முதுகு வழியாக வெளியே வந்து, நாற்காலியின் மெத்தையையும் ஒரு கை பார்த்துவிட்டு நின்றது. டிரில்லை இழுத்த இழுப்பில் பழைய பிக்கப்பின் ஒயரும் கையோடு வந்துவிட்டது.

வீட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள்.

"என்னங்க இது, அம்மாவ ஸ்டூல்ல உக்கார வெச்சிட்டு இத படுக்க வெச்சிருக்கீங்க?"

"அத்தைக்கு மரத்துட்டு இருக்கு. இது முடிஞ்சதும் பாக்கறேன்."

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சா? இந்தா கேளு." கோபத்தில் பேசிக்கொண்டே தந்தியைத் தட்டினார். "இது நல்லாவா இருக்கு, இத வெச்சிக்கிட்டு நான் எப்படி மேடையில..."

தூம் என்று மட்டும் வந்தது. சுத்தமான தூம்.

அவர் பேச்சை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "போயிடுச்சு. பாத்தியா? ஒயர்தான். ஒயரப் புடுங்கினதும் போயிடுச்சு." வாயை மூடிக்கொண்டு, தாடையைக் கொம்பில் வைத்து, ஆசையாக இன்னொரு தடவை தட்டினார்.

தூம். கரகர.

மனைவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா மகளைப் பார்த்தார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "அடுப்புல பால் வெச்சிருக்கேன்," என்று வெளியே போய்விட்டாள்.

மாமியார் மெல்ல எழுந்தார். தட்டிலிருந்து, வாய்க்குள் பார்க்கிற சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்து மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அட, எனக்குத் தோணவே இல்லையே," என்று அவர் அதை வாங்கி, கிட்டாரின் குழிக்குள் விட்டுப் பார்த்தார். "நல்ல யோசனை அத்தை. உள்ள ஒரு விரிசல் இருக்கு."

மாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலுக்குத் திரும்பினார்.

விரிசலுக்குச் சிமெண்ட். முதுகு ஓட்டைக்குச் சிமெண்ட். பிய்ந்த ஒயரை முறுக்கி ஒட்டி, ஆம்ப்ளிஃபயரில் செருகினார். இப்போது தந்தியைத் தொடாமலே கிட்டார் ஊளையிட்டது. அலுமினியத் தாளைச் சுற்றினார். ஊளை அடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுற்றினார். மேடைக்குப் போக வேண்டிய வாத்தியம், யாரோ வழிப்பயணத்துக்குக் கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலம் மாதிரி ஆகிவிட்டது. தந்தியைத் தட்டினார். தாடை கொம்பில்தான் இருந்தது; ஊளை, தூம், கரகர, மூன்றும் சேர்ந்து வந்தன.

பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. காது டாக்டர்.

"என்ன டாக்டர், இன்னும் கிளம்பலையா? மைக்கெல்லாம் செட் பண்ணியாச்சு. உங்க சுத்துக்குத் தனி லைட்டே போடச் சொல்லியிருக்கேன்."

பல் டாக்டர் கிட்டாரைப் பார்த்தார்.

"என்னோட சுத்து இருக்கே, அத எலும்பு டாக்டருக்குக் குடுத்திடுங்க," என்றார். "கரகரப்பு போகல. நான் வரல."

"எந்தக் கரகரப்பு? முந்தாநாள் கச்சிதமா இருந்துச்சே. நான் காது டாக்டர் சொல்றேன்."

"நீங்க நல்லவரு, சொல்லுவீங்க."

"சரி, உங்க இஷ்டம். கீபோர்டுக்குச் சொல்லிடறேன்," என்று காது டாக்டர் போனை வைத்துவிட்டார்.

அவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். ஊளை நின்றதும் அறை ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் பின்வரிசையில் நின்றவனுக்கு ஒரே ஒரு சுற்று முன்னால் வரக் கொடுத்துவைக்கவில்லையே என்று நெஞ்சு கனத்தது. கிட்டாரைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, காலியான நாற்காலியில் தானே சாய்ந்து உட்கார்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தார். அவர் கையால் ஒட்டிய படம் எதிர்ச் சுவரில் சிரித்தது: 'ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டுங்கள்.'

மாமியார் அருகில் வந்தார். வாயிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். உதட்டைத் தொட்டுப் பார்த்தார், உணர்ச்சி வந்திருந்தது. நீலத் துண்டை எடுத்து உதறி மாப்பிள்ளையின் கழுத்தில் கட்டினார்.

"மன்னிச்சிடுங்க அத்தை," என்றார் அவர் எழ முயன்று. "உங்க பல்ல மறந்தே போயிட்டேன். எந்தப் பல்லு வலிக்குது?"

மாமியார் அவருடைய தோளை அழுத்தி உட்கார வைத்து, தலைக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார்.

"எனக்கு எந்தப் பல்லும் வலிக்கல மாப்பிள்ளை, சாப்பாட்டு மேசையில, கார்ல, இப்ப இந்தக் கிட்டார்ல, போற எடமெல்லாம் கரகரன்னு ஆடறது உங்க கடவாய்ப் பல்லு மேல மூடியாட்டம் போட்ட கேப்பு, அதச் சொல்லத்தான் வந்தேன்."