குழாய்க்காரர் எழுதின பத்துக் குறை

அன்னிக்குக் காலையில குழாய்க்காரர் சபதமே எடுத்துட்டாரு. "என் பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல் வாசப்படியை மிதிக்க மாட்டா!" கையில பிரஷ்ஷு, வாயெல்லாம் நுரை. சபதத்துல பாதிதான் வெளிய வந்துச்சு. மீதி கண்ணாடியில தெறிச்சுது.

மூணு கடை வச்சிருக்குற மனுஷன். குழாய், டைல்ஸ், வாஷ்பேசின்னு அவர்கிட்ட வாங்காத வீடே அந்த ஊர்ல கிடையாது. மனசு தங்கம். ஒரே ஒரு வியாதி. எங்க குழாய் சொட்டினாலும் கை சும்மா இருக்காது. ஒரு தடவை சாவு வீட்டுக்குப் போனவரு, அழுதுக்கிட்டே பின்பக்கக் குழாய்க்கு வாஷர் மாத்திட்டாரு. அன்னிக்கு அந்த வீட்டுல அழுகையை நிறுத்துனது அந்தக் குழாய் மட்டுந்தான். சரி, அதை விடுங்க. எங்க விட்டேன்? சபதம்.

அவர் வீட்டுக்குப் பின்னாடிதான் அந்த ஸ்கூல். ஆறு வயசுப் பொண்ணு மாடி ஜன்னல்ல தொங்கிக்கிட்டு, அங்க டீச்சர் கேக்குற கணக்குக்கெல்லாம் இங்கேருந்து பதில் கத்தும். "மாடிப்பொண்ணு சொன்னது கரெக்ட்டு"ன்னு டீச்சரும் சொல்லுவாங்க. கடையே கதின்னு கிடக்குற மனுஷனுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?

"பிரைவேட் ஸ்கூல்ல குதிரையேத்தம் சொல்லித் தர்றாங்கடி!"ன்னாரு வீட்டம்மாகிட்ட.

"ஏறி எங்கங்க போகப்போறா?"

"நீச்சல் குளம் இருக்கு!"

"நம்ம கடையில நாலு தொட்டி சும்மா கிடக்குது."

"என் சகலை பையன் அங்கதானே படிக்கிறான்?"

சகலை பையன் கதை தனிக் கதை. பஸ்ல போக ஒண்ணரை மணி, வர ஒண்ணரை மணி. ஒரு வருஷம் வரைக்கும் அவன் டிரைவரைத்தான் கிளாஸ் டீச்சர்னு நெனச்சிருந்தான்.

"சரிங்க, இந்த ஸ்கூல்ல அப்படி என்ன குறை?"

"பத்து சொல்லுவேன்!"

"நேர்ல பாத்து எழுதிட்டு வாங்க. திங்கக்கிழமை நானும் வந்து பாக்குறேன். பத்தும் இருந்தா உங்க குதிரை ஸ்கூலு. ஒண்ணு குறைஞ்சாலும் என் ஸ்கூலு."

"பேச்சு மாறக் கூடாது!"

"நான் எப்பங்க மாறியிருக்கேன்?"

வெள்ளிக்கிழமை நோட்டும் கையுமா மனுஷன் போயாச்சு. பெரிய டீச்சர் சிரிச்ச முகமா, "தாராளமா பாருங்க சார்"னாங்க. மொதல்ல கிளாஸ்ல குறை தேடினாரு. கணக்கு டீச்சர் ஒரு பேப்பரை மடிச்சு மடிச்சுப் பின்னம் நடத்துறாங்க. பசங்க கண்ணு இமைக்கல. இவரும் அரைமணி நேரம் வாயப் பொளந்து நின்னு, கடைசியில கையத் தூக்கிப் பதிலும் சொன்னாரு. தப்பு.

அப்புறம் பாத்ரூம் பக்கம் போனாரு. அங்க பொக்கிஷமே கிடைச்சுது. ஒழுகுற குழாய் அஞ்சு, தண்ணி நிக்காத டேங்க் ரெண்டு, பேந்த டைல்ஸ் ரெண்டு எடம், தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒண்ணு. பத்து! ஜெயிச்சாச்சு!

கிளம்புனாரு. பின்னாலயே சொட்... சொட்...

வாசல் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பினாரு. 'ஒண்ணுதானே. பதிலுக்கு வேற குறை கிடைக்காமலா போயிடும்?' ஒண்ணை முடிச்சா பக்கத்துக் குழாய் முறைக்குது. சனிக்கிழமை கடையிலேருந்து சாமான் வந்து இறங்குச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புதுத் தாழ்ப்பாளைப் போட்டு, தெறந்து, மறுபடி போட்டுப் பாத்து, மனுஷன் தானே தன் முதுகைத் தட்டிக்கிட்டாரு. அப்பத்தான் நோட்டு ஞாபகம் வந்துச்சு.

திங்கக்கிழமை வீட்டம்மா ஸ்கூல் பாத்ரூம்ல நின்னு நோட்டைப் பிரிச்சாங்க. "ஒழுகுற குழாய் எங்கங்க?"

"இருந்துச்சு."

"தாழ்ப்பாள்?"

"அது... இல்லாம இருந்துச்சு."

அந்தம்மா டைல்ஸைத் தடவிப் பாத்தாங்க. "எவ்வளவு நேர்த்தியா பண்ணியிருக்கீங்க! உங்க கை யாருக்குங்க வரும்?" பொய்யில்ல, மனசாரத்தான் சொன்னாங்க. மனுஷன் உருகிட்டாரு. நேரா பெரிய டீச்சர் ரூமுக்குப் போனாரு.

"சரி மேடம், அட்மிஷன் பாரம் குடுங்க"ன்னாரு.

"அது வந்து மூணு வாரமாச்சே சார்!"ன்னு பெரிய டீச்சர் எடுத்து நீட்டினாங்க. வீட்டம்மா கையெழுத்து. 'தகப்பனார் தொழில்'னு இருந்த எடத்துல எழுதியிருந்துச்சு:

'குழாய்க் கடை. பாத்ரூமைப் பத்திக் கவலைப்படாதீங்க, ஆளை அனுப்புறேன்.'