ஈயா, ஏயா?

"தாங்கள் கண்டுபிடித்த புதிய பாசிக்குத் தாங்கள் சூட்டிய பெயரில், கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைக்கறை இருக்கிறது. அந்தக் கறையை லத்தீனில் எப்படி உச்சரிப்பது என்று தெரிவித்தால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்."

லண்டனிலிருந்து பாசிச் சங்கத்தின் செயலாளர் எழுதியிருந்த கடிதத்தை ஃப்ரான்சிஸ் நான்காரோ மூன்றாம் தடவையாகப் படித்தார். வறுத்த மத்தி மீனைக் கொண்டுவந்து வைத்த டிரெம்பாத் அம்மாள், அந்த வீட்டில் இருபது வருஷமாகச் சமைக்கிற உரிமையில் கேட்டாள்.

"என்னங்கய்யா, லண்டன்காரன் திட்டியிருக்கானா?"

"கறையைப் பத்திக் கேக்குறாரு."

"கேக்காம? மூணு நாள் யோசிச்சு யோசிச்சு ஊத்தின கறையாச்சே!"

உண்மைதான். மை தானாகச் சிந்தவில்லை. ஒரு பாசிக்கு மனிதர் பெயரைச் சூட்டினால், அவர் ஆணாக இருந்தால் கடைசியில் 'ஈ' வர வேண்டும். பெண்ணாக இருந்தால் 'ஏ' வர வேண்டும். லத்தீன் அதில் ரொம்பக் கறார். பாறையில் குட்டிச் செடிபோல் முளைக்கிற தன் பாசிக்கு நான்காரோ 'இ. கார்சைட்' என்பவரின் பெயரைச் சூட்டியிருந்தார். வடக்கே யார்க்ஷயர் மலைக் கிராமத்திலிருந்து ஒன்பது வருஷமாக அவருக்குக் கடிதம் எழுதுகிறவர். நூற்றுப்பதினான்கு கடிதங்கள். அத்தனையிலும் கையெழுத்து வெறும் 'இ. கார்சைட்'. இ என்றால் எட்வர்டா, எலிசபெத்தா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

முதல் வருஷமே கேட்டிருக்கலாம். ஒன்பதாம் வருஷத்தில், "அது சரி, நீங்கள் ஆணா பெண்ணா?" என்று எப்படி ஐயா கேட்பது? தானும் 'எஃப். நான்காரோ' என்றுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாசி ஆராய்கிறவன் பென்சான்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் மதிப்பு குறைந்துவிடுமோ என்று கடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. பாசியைப் பற்றி எழுதினார். மழையைப் பற்றி எழுதினார். தனியாகச் செத்துப்போவோமோ என்ற பயத்தைக்கூட எழுதினார். அதற்கு வந்த பதிலை மடிப்பு கிழியும்வரை படித்திருந்தார்.

"உங்கள் கடிதம் வருகிற நாளில் நான் தேநீரை இரண்டு கோப்பையில் ஊற்றுகிறேன். இரண்டையும் நானே குடிக்கிறேன் என்பது வேறு விஷயம்."

ஐம்பத்து மூன்று வயது. தலை முழுக்கப் பஞ்சு. அந்த இரண்டாவது கோப்பைக்காக மனிதர் ஏங்கிப்போயிருந்தார். 'ஏ' என்றால் போய் நின்று, என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று கேட்டுவிட வேண்டும். 'ஈ' என்றால் இந்த ஜென்மத்தில் வாயே திறக்கக் கூடாது. கறைக்குப் பின்னால் இருந்தது அவ்வளவுதான்.

"நேராக் கேக்க வெக்கமா இருந்தா சுத்தி வளைச்சுக் கேளுங்க. தலையில என்ன போட்டுக்கிறாங்கன்னு கேளுங்க. பொம்பளைன்னா பானெட்டு, ஆம்பளைன்னா தொப்பி. அவ்வளவுதானே?" என்றாள் டிரெம்பாத் அம்மாள்.

நல்ல யோசனைதான். நான்காரோ எழுதினார். ஆனால் தாளில் இடமில்லை. தபால் கூலிக்குப் பயந்து எல்லாரும் செய்கிறபடி, எழுதிய பக்கத்தையே பக்கவாட்டில் திருப்பி அதன் மேலேயே குறுக்காக எழுதினார். "மலையேறும்போது தலையில் என்ன இருக்கும்?" என்ற வரி, "உங்கள் மலையில் கிடைத்த அந்தப் பெரிய பாசி" என்ற வரியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. "தலையில் கூம்பு வடிவக் குல்லாய். மேலெல்லாம் பொன்னிற மயிர். முதிர்ந்ததும் தானாகக் கழன்று விழுந்துவிடும்."

டிரெம்பாத் அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "ஆணோ பொண்ணோ, சொட்டைன்னு மட்டும் தெரிஞ்சுபோச்சு."

"அது பாசியோட தலை, அம்மா! பாசியோட தலை!"

"கோவிச்சுக்காதீங்க. ஒரு சவரக்கத்தியைப் பரிசா அனுப்பிப் பாருங்க. ஆம்பளைன்னா வச்சுக்குவாரு. பொம்பளைன்னா இது எனக்கு எதுக்குன்னு திருப்பி அனுப்பிடுவா."

கடையிலிருந்த கத்திகளில் நல்லதாக ஒன்றைப் பார்த்து, கம்பளியில் சுற்றி அனுப்பினார். திரும்பி வரக்கூடாதா என்று தபால் வண்டி வரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினார். கத்தி வரவில்லை. கடிதம் வந்தது.

"என்ன அருமையான கத்தி! பாசியின் இலையை இவ்வளவு மெல்லிசாக இதுவரை நான் சீவியதே இல்லை. எனக்கு இதுதான் வேண்டுமென்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? நம்மைப் போன்றவர்களைச் சங்கத்துக்காரர்கள் வாசற்படி ஏற விடமாட்டார்கள். ஆனால் நம் இரண்டு பேருக்கும் தெரிந்த பாசி அவர்கள் அத்தனை பேருக்கும் தெரியாது." கூடவே, கையால் பின்னிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. "என் அளவுதான் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்."

காலுறை கணுக்காலைத் தாண்டவில்லை. ஆனாலும் நான்காரோ அன்று முழுக்க அதை மாட்டிக்கொண்டு விந்தி விந்தி நடந்தார். கழற்ற மனசு வரவில்லை.

"சின்னக் காலுங்கய்யா. பொம்பளையாத்தான் இருக்கும்" என்றாள் டிரெம்பாத் அம்மாள்.

"குள்ளமான ஆம்பளையே கிடையாதா?"

"ஆமா, அதுவும் இருக்கு" என்று ஒப்புக்கொண்டாள்.

அதற்குள் செயலாளரிடமிருந்து இன்னொரு கடிதம். இந்த மாதத்துக்குள் கடைசி எழுத்து வராவிட்டால் தொகுதியில் பாசியே வராதாம். நான்காரோ துணிந்து கார்சைட்டின் கிராமத்துப் பாதிரியாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். "உங்கள் சபையைச் சேர்ந்த இ. கார்சைட் ஆணா, பெண்ணா? அவசரம். இப்படிக்கு, ஒரு நலம்விரும்பி."

எவனாவது இப்படி எழுதுவானா? எழுதினாரே! பாதிரியார் அதற்குப் பதில் போடவில்லை. கடிதத்தை அப்படியே கொண்டுபோய் கார்சைட் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் நான்காரோவுக்கு வந்த கடிதத்தை அவர் நின்றபடியே பிரித்துப் படித்தார்.

"நான் ஆணா பெண்ணா என்று விசாரித்து எவனோ ஒரு பைத்தியம் பாதிரியாருக்கு எழுதியிருக்கிறான். உறையில் உங்கள் ஊர் முத்திரை! சின்ன ஊர்தானே, யாரென்று நீங்களே கொஞ்சம் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சிரிக்க நீங்கள் இல்லையே என்றுதான் வருத்தம். ஒன்பது வருஷம் போதாதா? புறப்பட்டு வந்துவிடுங்கள். விருந்தாளிக்கென்று தனி அறை கிடையாது. என் கட்டில் பெரியது. நாம் இரண்டு பேரும் தாராளமாகப் படுத்துக்கொண்டு விடியவிடியப் பேசலாம்."

நான்காரோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டிரெம்பாத் அம்மாள் கடிதத்தை வாங்கி, கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"முடிஞ்சுதுங்கய்யா. எந்தப் பொம்பளை ஒரு ஆம்பளையைக் கூப்பிட்டு, என் கட்டில்ல படுத்துக்கன்னு எழுதுவா? ஆம்பளைதான். சந்தேகமே இல்ல."

"எனக்கும் அப்படித்தான் படுது."

"அழுவுறீங்களா?"

"மத்தி முள்ளு."

"இன்னைக்கு மத்தி சமைக்கவே இல்லீங்களே" என்றாள் அவள், மெதுவாக.

அன்று சாயங்காலமே செயலாளருக்குக் கறையில்லாமல், தெளிவாக 'ஈ' என்று எழுதி அனுப்பினார். அந்த ஒற்றை எழுத்தை எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை. ஆணாக இருந்தால்தான் என்ன? தனக்காக இன்னொரு கோப்பை ஊற்றுகிற மனுஷர் இந்த உலகத்தில் வேறு யார்? கல்யாணம் இல்லாவிட்டால் போகிறது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தேநீராவது குடித்துவிட்டு வரலாம். இன்ன தேதியில் வருகிறேன் என்று ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு, கடையைப் பூட்டினார். ஆறு நாள் குதிரைக் கோச்சு வண்டி. முதுகு முறிந்தது. ஏழாம் நாள் மத்தியானம் ஒரு வாடகை வண்டி அவரை மலையடிவாரத்துக் கல்வீட்டின் முன் இறக்கியது.

கதவைத் திறந்தது வேலைக்காரப் பெண்.

"கார்சைட்... இருக்காரா?"

"இருக்காரா? எங்கம்மாவைக் கேக்குறீங்களா? எலினார் அம்மா மாடியில இருக்காங்க."

நான்காரோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அம்மா! எலினார்! அச்சில் 'ஈ' ஏறியிருக்கும். ஏறட்டும், நாசமாய்ப் போகட்டும்!

"ஏ!" என்று கத்தியேவிட்டார்.

"என்னது, ஏயா? வயசானவராச்சேன்னு பாக்குறேன். மரியாதையாப் பேசுங்க!"

"மன்னிச்சுக்கம்மா, உன்னைச் சொல்லல. நான் பென்சான்ஸ்லேருந்து வர்றேன். நான்காரோன்னு சொல்லு."

மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. "பெக்! யாரு, பென்சான்ஸா? வந்தாச்சா?" ஒன்பது வருஷமாக எழுத்தில் மட்டும் கேட்ட குரல். நினைத்ததைவிடக் கொஞ்சம் கனமாக, நினைத்ததைவிட எவ்வளவோ இனிமையாக இருந்தது. அவர் கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். கட்டிக்கொள்வீர்களா என்று எப்படிக் கேட்பது என ஆறு நாளும் யோசிக்காமல் விட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்டார்.

பெக்கின் முகம் மலர்ந்திருந்தது. அவரைச் சட்டையே செய்யாமல் வாசலுக்கு ஓடி, வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரு தோல்பை மட்டும்தான் கிடந்தது. திரும்பி வந்து, அவருடைய வெள்ளைத் தலையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

"அம்மா! உங்க சிநேகிதி வரலைம்மா! பாவம், அவங்க அப்பாவை அனுப்பி வச்சிருக்காங்க!"