மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ரசிகர்

கால்பந்தின் வரலாற்றை எழுதியவர்கள் எல்லாரும் ஒரு பெரும் பிழை செய்துவிட்டார்கள். அவர்கள் யாரும் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்கு வரவில்லை. வந்து, பலராமன் வீட்டு மாடி அறையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால், இங்கிலாந்தில் ஆடப்படும் பந்தாட்டத்தின் முடிவு எங்கே தீர்மானமாகிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும். மைதானத்தில் இருபத்திரண்டு பேர் வியர்க்க விறுவிறுக்க ஓடுவது வெறும் சம்பிரதாயம்.

நான் அந்த அறையில் இயங்கும் 'திருவண்ணாமலை மாவட்ட மில்பரோ ரோவர்ஸ் ரசிகர் பேரவை'யின் செயலாளர். மில்பரோ ரோவர்ஸ் இங்கிலாந்தில் ஓர் அணி. அதை நாங்கள் தேர்ந்தெடுத்த விதம் முழுக்க விஞ்ஞானபூர்வமானது. தலைவர் பலராமனின் மைத்துனர் அந்த ஊரில் வேலை பார்த்தபோது அவருக்கு அந்த அணியின் பனியன் ஒன்றை அனுப்பினார். பனியன் அளவு சரியாக இருந்தது. பேரவை பிறந்தது.

எங்களில் உரக்கடை புகழேந்தி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அவர் பனியன் வருவதற்கு முன்பே அந்த அணியின் ரசிகர். அணி தோற்றால் மறுநாள் யூரியா கேட்டு வருகிறவருக்கு பொட்டாஷ் கொடுத்து அனுப்பிவிடுவார். "அவங்க கப்பு தூக்கறத ஒரு தபா கண்ணால பாத்துடணும்ங்க. அது போதும் எனக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மில்பரோ எந்தக் கோப்பையையும் தூக்கியதில்லை. இவ்வளவு ஆசை ஒரு மனிதருக்கு நல்லதில்லை என்று பேரவை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

போன பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கவனித்துவிட்டோம். புகழேந்தி டீத்தம்ளரோடு அறைக்குள் வந்தார், எதிரணி கோல் போட்டது. அவர் கழிவறைக்குப் போனார், நம் அணி கோல் போட்டது. அவர் திரும்பி வந்தார், எதிரணி மறுபடியும் போட்டது. இரண்டாம் பாதி முழுவதும் அவரைக் கழிவறையிலேயே இருக்கும்படி பேரவை பணிவோடு கேட்டுக்கொண்டது. அவரும் இருந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது.

பொறுப்பான அமைப்பு எதுவும் ஒரே ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காது. ஆகவே அடுத்து வந்த ஆட்டங்களில் அவரை ஜன்னல் ஓரம், கதவு ஓரம், டிவிக்கு முதுகு காட்டி என்று பல 'நிலைகளில்' உட்கார வைத்து ஆராய்ந்தோம். எல்லாவற்றிலும் அணி தோற்றது. அவசரக் கூட்டம் கூடியது.

"நான் எல்லா டேட்டாவும் போட்டுப் பாத்துட்டேன்" என்றார் சிந்துஜா. பொறியியல் பட்டதாரி, பேரவையின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். "அண்ணன் பாத்தா தோக்குது. பாக்கலன்னா தோக்கறது கம்மி."

"வூட்டுலயே இருந்துக்கறேன்ங்க" என்றார் புகழேந்தி.

"வூட்டுல இருந்தா ஃபோன்ல பாப்பீங்க" என்றார் பலராமன்.

"பாக்க மாட்டேன்ங்க."

"பாக்காம இருக்க முடியுமா உங்களால?"

புகழேந்தி பொய் சொல்லத் தெரியாதவர். தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் பொருளாளர் சகாதேவன் அந்த யோசனையைச் சொன்னார். இந்த ஊரைத் தவிர வேறெங்கும் ஒருவருக்குத் தோன்றியிருக்காது. "கிரிவலம் அனுப்பிடலாம் தலைவரே. ஆட்டம் ஆரம்பிக்கறப்போ அவரு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கணும். நம்ம டிவிக்கும் அவருக்கும் நடுவுல மலை இருக்கும். எந்த திருஷ்டி அதத் தாண்டி வரும்?"

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இவ்வளவு பெரிய மலையை இத்தனை காலம் வைத்திருந்தும் இந்தப் பயன் யாருக்கும் தோன்றவில்லையே! ஒரு மனிதரின் ராசி இவ்வளவு பாறையைத் துளைக்க வாய்ப்பில்லை என்று சிந்துஜாவும் தொழில்நுட்ப ஒப்புதல் அளித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. புகழேந்தியும் கை தூக்கினார். அணி கெலித்தால் சரி என்றார். அவருடைய கைப்பேசி ஆட்டம் முடியும்வரை பலராமன் வீட்டு பீரோவில் பாதுகாக்கப்படும் என்று துணைத் தீர்மானமும் போட்டோம்.

பிறகு நடந்தது அதிசயம். புகழேந்தி செருப்பில்லாமல் நடந்தார், மில்பரோ வென்றது. மழையில் நடந்தார், வென்றது. காய்ச்சலோடு ஒருநாள் நடந்தார், அன்று மூன்று கோல். அவருக்குத் தொப்பை குறைந்தது, சர்க்கரையும் குறைந்தது. இதற்கெல்லாம் பேரவை அவரிடம் எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கோப்பைக்கான இறுதி ஆட்டம் வந்தது. அன்று பௌர்ணமி.

"இன்னைக்கு மட்டும் இங்க பாத்துக்கறேன்ங்க" என்று புகழேந்தி வாசலில் நின்றபடி கேட்டார். "ஓரமா நின்னுக்கறேன். கப்பு தூக்கறப்போ மட்டும் உள்ள வரேன்."

"நீங்க பாத்தா தூக்க மாட்டாங்களே" என்றார் பலராமன், மிகுந்த அன்போடு.

புகழேந்தி கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் செயலாளர் என்கிற பதவிக்குக் கஷ்டப்பட அதிகாரமில்லை.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் எதிரணி கோல் போட்டது. எல்லாரும் திரையை விட்டுவிட்டு மலை இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

"அவரு எங்கயோ நின்னு பாக்கறாரு" என்றார் சகாதேவன்.

"செயலாளர் போய்ப் பாத்துட்டு வரணும்" என்றார் பலராமன்.

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். போலீஸ் தடுத்த இடத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையை நோக்கி நடந்தேன். சீக்கிரம் பிடிக்க வேண்டும் என்பதால் எதிர்த்திசையில் நடந்தேன். லட்சக்கணக்கானவர்கள் எனக்கு நேர் எதிரே வந்தார்கள். "சார், தப்பா சுத்தறீங்க" என்று பாதிப் பேராவது சொன்னார்கள். பேரவைக் காரியம் என்று அவர்களிடம் விளக்க நேரமில்லை.

அடி அண்ணாமலையில் பொன்னி என்ற பெண்ணின் டீக்கடை வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். பிஸ்கட் பாட்டில்மேல் பொன்னியின் கைப்பேசி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, ஸ்டூல் நுனியில், புகழேந்தி. திரையில் ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது.

நான் உள்ளே காலெடுத்து வைத்தேன். பொன்னி வடிகட்டியோடு குறுக்கே வந்து நின்றார்.

"நீங்க சங்கத்து ஆளா சார்?"

"செயலாளர்."

"அப்ப உள்ள வராதீங்க. அங்கயே நில்லுங்க."

"ஏம்மா?"

"நீங்கள்லாம் கூடிப் பாத்தப்போ தோத்துனே இருந்துச்சாமே. இங்க இவரு பாக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணுகூட தோக்கல. எதுக்கு வம்பு?"

"எல்லா ஆட்டமும் இங்கதான் பாத்தாரா?"

"பின்ன? மொத நாளு கண்ண மூடிக்கினுதான் டீ குடிச்சாரு. தொறந்து பாருங்கண்ணா, கண்ணு உங்களுதுதானேனு நான்தான் சொன்னேன்."

அதே நிமிடம் கடைக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நடந்துகொண்டிருந்த பக்தர்கள் ஏதோ தரிசனம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மில்பரோவின் இரண்டாவது கோல். கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடிந்தது. எக்கி எக்கிப் பார்த்தும் எனக்குக் கோப்பை தெரியவில்லை. புகழேந்தியின் முகம்தான் தெரிந்தது. அவர் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதுகொண்டிருந்தார். அந்த ஆளை இதைப் பார்க்க விடாமல் செய்யத்தான் நாங்கள் அத்தனை கூட்டம் போட்டோம்.

மறுநாள் நடந்ததை ஒளிக்காமல் பேரவையில் அறிக்கையாகப் படித்தேன். அவர் பார்த்தார், அணி வென்றது, ஆகவே குறை அவரிடம் இல்லை, எஞ்சிய நம்மிடம்தான் இருக்க வேண்டும் என்று முடித்தேன். பேரவை தன்னையே ஆராய்ந்துகொண்ட அரிய கணம் அது.

சிந்துஜா எழுந்தார். "நேத்து ரெண்டு கோலும் செயலாளர் வெளிய போனதுக்கு அப்பறம்தான் விழுந்துச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த பருவம் முழுவதும் கிரிவலம் போக வேண்டியவர் நான் என்றும், புகழேந்தியைச் சால்வையோடு திரும்ப அழைப்பது என்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் கை தூக்கினேன்.

புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தன்று கைப்பேசியை பீரோவில் ஒப்படைத்துவிட்டு, சால்வையோடு அடி அண்ணாமலைவரை நடந்தேன். புகழேந்தி ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். இந்த முறை பொன்னி குறுக்கே வந்து நிற்கவில்லை. பேரவையின் அழைப்பைத் தெரிவித்தேன்.

"வேணாம் சார்."

"தப்பு உங்கமேல இல்லேன்னு தீர்மானமே போட்டாச்சுங்க. இன்னும் இன்னா கோவம்?"

"கோவம்லாம் இல்ல சார். அங்க ஆட்டம் நடக்கறப்போ யாரு எங்க உக்காந்தாங்க, யாரு எப்ப எழுந்தாங்கன்னுதான் எல்லாரும் பாக்கறீங்க. எனக்கு ஆட்டம் பாக்கணும்." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே கேட்டார். "நீங்களே சொல்லுங்க, நம்ம கோல்கீப்பர் பேரு இன்னா?"

பேரவை உறுப்பினர்கள் அத்தனை பேருடைய ராசியும் நட்சத்திரமும் எனக்கு மனப்பாடம். அவர் கேட்டதற்கு மட்டும் பதில் தெரியவில்லை.