ஒன்பது டன்

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. ராகு காலம் தொடங்கியது. கூட்டமும் தொடங்கியது.

உலகத்தில் வாக்கைக் காப்பாற்றியவர்கள் உண்டு. மானத்தைக் காப்பாற்றியவர்கள் உண்டு. எடையைக் காப்பாற்றியவர் ஒருவர்தான். அவர் பெயர் லட்சுமிகாந்தம். நாரணாபுரம் சாலையில் உள்ள பொன்னுத்தங்கம் பயர் ஒர்க்ஸில் லோடு மேனேஜர். அந்தக் கூட்டத்தில் அவர் ஆற்றிய தொண்டு நியாயமாகப் பார்த்தால் கல்லில் வெட்டப்பட வேண்டியது.

முதலாளி தனுஷ்கோடி ராகு காலத்தில் நல்ல காரியம் எதையும் செய்ய மாட்டார். அதனாலேயே சில கூட்டங்களை ராகு காலத்தில் மட்டும் வைப்பார். அந்த நேரத்தில் பேசியது நிலைக்காது என்பது சாத்திரம். நிலைக்காத பேச்சுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. சாத்திரத்தை இவ்வளவு ஆழமாகக் கற்ற தொழிலதிபர்கள் குறைவு.

அந்தக் கம்பெனியில் 'டன்' என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. புருஷன் பெயரைச் சொல்லாத பெண்களைப் போல, எல்லாம் ஒரு மரியாதைதான். லோடு என்பார்கள். பெட்டி என்பார்கள். 'வழக்கம்போல' என்பார்கள். காகிதத்தில் மட்டும் ஓர் எண் இருக்கும். ஒன்பது. டெல்லிக்குப் போனாலும் ஒன்பது, பெங்களூருக்குப் போனாலும் ஒன்பது. ஆர்டர் இல்லாத மார்கழியில், பாதி லாரி காலியாகக் கிடக்கும்போதும் ஒன்பது. தீபாவளிக்கு முந்தின மாதம், தார்ப்பாய் கட்ட மேலே ஏறின ஆள் மின்கம்பிக்குக் குனியும்போதும் ஒன்பது. இப்படி எதற்கும் அசையாத ஓர் எண்ணைத்தான் விஞ்ஞானிகள் வானத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

காகிதத்துக்கு வெளியே உள்ள எடை லட்சுமிகாந்தம் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

இந்த சீசனுக்கு ஒரு பெரிய டிரெய்லர் வாங்குவதென்று முடிவாகியிருந்தது. மூன்று லாரி லோடு ஒரே வண்டியில் போகும். காகிதத்தில் அதுவும் ஒன்பதுதான். ஓட்டப் போகிறவன் சரவணக்குமார். லட்சுமிகாந்தத்தின் அக்கா மகன். போன தையிலிருந்து அவர் மகள் பிரீத்தியின் கணவன்.

மதுரையிலிருந்து வண்டி விற்க வந்திருந்த அஷ்ஃபாக், மடிக்கணினியைத் திறந்து வைத்தான். இன்ஜினியர். வயது குறைவு. உண்மையைக் கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிற வயது.

"பின் ஆக்சில்ல எந்த ரேஷியோ வேணும்னு முடிவு பண்ணணும் அண்ணாச்சி."

"நல்லதாப் பாத்துப் போடுங்க தம்பி."

"எல்லாமே நல்லதுதான். இன்ஜின்லருந்து வர்ற தண்டு நாலு சுத்து சுத்துனா சக்கரம் ஒரு சுத்து. அது நாலு ரேஷியோ. வேகமாப் போகும், டீசல் மிச்சம். ஆனா பாரம் கூடுனா ஏத்தத்துல நின்னுரும். ஆறு சுத்துக்கு ஒரு சுத்துன்னா அது ஆறு ரேஷியோ. மெதுவாத்தான் போகும், டீசல் குடிக்கும். ஆனா மலையவே இழுத்துட்டு வந்துரும்."

"நாலு போடுங்க," என்றார் தனுஷ்கோடி. 'டீசல் மிச்சம்' என்பதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

"இருங்க அண்ணாச்சி. லோடு தெரியாம முடிவு பண்ண முடியாது. எத்தனை டன் ஏத்துவீங்க?"

சொல்லிவிட்டான். முதலாளி காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார். டீ கொண்டுவந்த அழகுமீனா, கூடாத இடத்துக்கு வந்துவிட்டவளைப் போல அப்படியே திரும்பிப் போனாள்.

"பெட்டிக் கணக்குல சொன்னாப் போதுமா தம்பி?" என்றார் லட்சுமிகாந்தம்.

"ஒரு பெட்டி எவ்வளவு எடை இருக்கும் சார்?"

"பெட்டிக்குப் பெட்டி மாறும்."

"சராசரியா?"

"சராசரியும் மாறும்."

தனுஷ்கோடி குறுக்கே வந்தார். "பட்டாசுங்கிறது காத்து மாதிரி தம்பி. இடத்தை அடைக்கும், எடையே கிடையாது. ஒம்பதுன்னு வச்சுக்கங்க."

"இம்புட்டுப் பெரிய டிரெய்லர்ல ஒம்பதா?"

"வெடி நெருக்கியடிச்சுப் போகக் கூடாதுல்ல? நடுவுல நடுவுல எடம் விட்டு உக்கார வைப்போம். பாதுகாப்பு."

அஷ்ஃபாக் நெகிழ்ந்துவிட்டான். 'பாதுகாப்பு' என்று தட்டச்சு செய்துகொண்டான்.

லட்சுமிகாந்தம் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டார். ஒன்பது என்றால் நாலு ரேஷியோ. நாலு ரேஷியோ என்றால் சேலத்தைத் தாண்டித் தொப்பூர் ஏற்றத்தில் வண்டி நிற்கும். நிற்கிற வண்டிக்குள் மருமகன் இருப்பான். மருமகனுக்குப் பின்னால், ஒன்பது என்று பேர் சூட்டப்பட்ட ஒரு மலை இருக்கும்.

இந்த இடத்தில்தான் அவருடைய மேதைமை வெளிப்பட்டது. எடையைச் சொல்லாமலே ஆறு ரேஷியோவை வாங்கிவிடுவது என்று துணிந்தார். உப்பு என்ற சொல்லைச் சொல்லாமல் கடையில் உப்பு வாங்குகிற காரியம் அது.

"எதுக்கும் ஆறே போடுங்க தம்பி. நிதானமாப் போறதுதான் எங்க கம்பெனிக்குப் பேரு."

"வேகம்தான் கவலைன்னா நாலுலயே வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கருவி மாட்டித் தர்றோம் சார்."

"கயத்தாறு பக்கம் காத்து ஜாஸ்தி. எதிர்க்காத்துல இழுக்கணுமே."

"வடக்க போற வண்டி சார். தெக்க இருக்க கயத்தாறுக்கு எதுக்குப் போகுது?"

லட்சுமிகாந்தம் தளரவில்லை. "பங்குனிப் பொங்கலுக்குத் தேர் இழுக்க வேண்டியிருக்கும்."

இதற்கு முதலாளியே திரும்பிப் பார்த்தார். "ஏன்யா, தேரை ஜனங்கதான இழுக்காக?"

"இந்த வருசம் ஜனம் கம்மி முதலாளி."

"கம்மியா? போன வருசம் கூட்டத்துல என் செருப்பே போயிருச்சுய்யா!"

"அதான் முதலாளி. செருப்புப் போனவுக பூரா இந்த வருசம் வர மாட்டாக."

தேர் அங்கேயே நின்றது. லட்சுமிகாந்தத்தின் கைப்பேசி அதிர்ந்தது. பிரீத்தி. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார்.

"அப்பா, புது வண்டில ஏசி உண்டா?"

"உண்டும்மா."

"உள்ளுக்குள்ளயே படுக்க எடம் உண்டாம்ல?"

"அதுவும் உண்டும்மா. மீட்டிங்ல இருக்கேன்."

"சும்மாதான் கேட்டேன். நான் கேட்டேன்னு அவுககிட்டச் சொல்லிறாதீக."

அஷ்ஃபாக் எழுந்து சன்னலுக்குப் போனான். வாசலில் லோடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது.

"இதுக்கு எதுக்கு இம்புட்டு யோசனை? திருத்தங்கல் ரோட்டுல எடை மேடை இருக்கு. இந்த லாரியை ஒரு தடவை ஏத்தி இறக்குனா எல்லாம் தெரிஞ்சுரும்."

தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் கலக்கம் இல்லை. ராகு எப்போதும் அவர் பக்கம்.

"ராகு காலத்துல எடை போடக் கூடாது தம்பி. எடை கூடிப்போகும்."

"நாலரைக்கு மேல போடுவோம்."

"நாலரைக்கு மேல எடை மேடைக்காரன் இருக்க மாட்டான்."

"இருபத்து நாலு மணி நேரம்னு போர்டு இருக்கு அண்ணாச்சி. வரும்போது பாத்தேன்."

"போர்டு இருக்கும். அவன் இருக்க மாட்டான்."

அஷ்ஃபாக் நல்ல பையன். பெரியவர்களை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. "அப்ப டிரைவரைக் கூப்பிடுங்க," என்றான்.

சரவணக்குமார் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு உள்ளேயே நின்றான்.

"இப்ப ஓட்டுற லாரி தொப்பூர் ஏத்தத்துல எப்படி ஏறுது?"

"ஏறும் சார், முதல் கியர்ல. கிளீனர் இறங்கி, கட்டையைத் தூக்கிக்கிட்டுக் கூடவே நடந்து வருவான். வண்டி பின்னால உருண்டா டயருக்கு அண்டக் குடுக்கணும்ல."

"ஒம்பது டன்னுக்கா?"

"கிளீனருக்குச் சர்க்கரை," என்றார் தனுஷ்கோடி. "நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கம்பெனியில பாத்துப் பண்ணிக் குடுத்த ஏற்பாடு."

தொழிலாளர் நலனில் இவ்வளவு அக்கறை காட்டும் நிறுவனத்தை அஷ்ஃபாக் பார்த்ததில்லை. இருந்தாலும் டிரைவரிடமே திரும்பினான். "நீங்க சொல்லுங்க. எத்தனை டன் இருக்கும்?"

சரவணக்குமார் முதலாளியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது சார். யாரு கேட்டாலும் ஒம்பதுன்னு சொல்லச் சொல்லியிருக்காக. மாமாவுக்குத்தான் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன ஐப்பசியில அண்டக் குடுத்த கட்டை நசுங்கிப் போச்சு சார். வண்டி பத்தடி பின்னால வந்துதான் நின்னுச்சு. அன்னைக்குப் பின்னால பஸ்ஸு எதுவும் வரல."

"பாத்தீகளா," என்றார் தனுஷ்கோடி. "நமக்குத் தெய்வம் துணை."

அஷ்ஃபாக் தன் தலைமை அலுவலகத்தின் எண்ணை அழுத்தி, கைப்பேசியை மேசை நடுவில் வைத்தான். லோடு எவ்வளவு என்பதைப் பொறுப்பான ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், அவர்கள் கணக்குப் போட்டு ரேஷியோவைச் சொல்வார்கள் என்றான்.

"லட்சுமிகாந்தம் சொல்லுவாரு," என்றார் முதலாளி. "எங்க லோடு பூரா அவரு தலையிலதான்."

கைப்பேசியில் ஒரு பெண் கேட்டாள். "உங்க லோடு எத்தனை டன் சார்?"

லட்சுமிகாந்தம் எழுந்து நின்றார். உண்மையான எண் நாக்கு நுனி வரை வந்தது. பெரிய எண். வெளியே வர இடம் போதவில்லை. வாசலில் மருமகன் நின்றான். அவன் கண் மாமாவின் வாயில் இருந்தது. முதலாளி கோபப்படவில்லை, மிரட்டவில்லை. சாத்தூர்ச் சேவு இருந்த தட்டை அவர் பக்கம் அன்போடு நகர்த்தினார். அவ்வளவுதான்.

"ஒன்பது," என்றார் லட்சுமிகாந்தம்.

"அப்ப நாலு ரேஷியோ தாராளமாப் போதும் சார்," என்றாள் அந்தப் பெண்.

தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு இருபத்தெட்டு. கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினார். கைப்பேசியில் இருந்த பெண்ணையும் காத்திருக்கச் சொன்னார். லட்சுமிகாந்தம் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார். நாலரை அடித்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க லட்சுமிகாந்தம். இது நிலைக்க வேண்டிய பேச்சு."

ஒருமுறை சொல்லிவிட்ட சொல், இரண்டாம் முறை தானாகவே வந்தது. "ஒன்பது."

"இவரு மாதிரி ஒரு ஆளு போதும்யா, கம்பெனி நூறு வருசம் நிக்கும்," என்று முதலாளி அவர் தோளில் தட்டினார். அஷ்ஃபாக் கைகுலுக்கினான். ஒரு நிறுவனத்தின் மானத்தையும் டீசலையும் ஒரே சொல்லில் காப்பாற்றிய மனிதர், இரண்டு சேவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் லாரி நின்றது. அதன் பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் மேலே வளைந்திருக்க வேண்டியவை. கீழே வளைந்திருந்தன. சரவணக்குமார் குனிந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமாவைக் கண்டதும் நிமிர்ந்தான். முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"நாலு ரேஷியோதானாம், மாப்ளே," என்றார் லட்சுமிகாந்தம். "சும்மா பறக்கும்."

"சரி மாமா."

"டீசலும் மிச்சம்."

"சரி மாமா." கையில் இருந்த துணியால் லாரிக் கண்ணாடியைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தான். பிறகு திரும்பினான்.

"பிரீத்தி பெங்களூரு பாக்கணும் பாக்கணும்னு உசுர வாங்குறா மாமா. நான்தான் லோடு வண்டியில வேண்டாம்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். இப்ப நீங்களே ரெண்டு தடவை ஒம்பதுன்னு சொல்லிட்டீகள்ல... புது வண்டி வந்ததும் முதல் லோடுக்கே அவளையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டு வரட்டுமா?"