பார்க்காதவர்கள் கொடுத்த சான்று

ஆபாசப் படத்தை ஒருவர்கூடப் பார்த்திராத ஊர் இந்த உலகில் ஒன்று உண்டென்றால் அது எங்கள் ஊர்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. விழாக் கமிட்டியின் தீர்மான நோட்டில் பதினேழாம் பக்கத்தில், செயலாளராகிய என் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகும் சாலையில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். வீடுகளுக்குள் சிக்னல் எடுக்காது; கண்மாய்க் கரையில் மட்டும் நன்றாக எடுக்கும். எனவே மாலையானால் ஆண்கள் கரைக்கு வந்து, ஆளுக்கொரு கருவேல மரத்தடியில், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தலை குனிந்து அமர்ந்து போனில் 'மழை வருமா' என்று பார்ப்பார்கள். வானம் பார்த்த பூமி. மழை மீது எங்களுக்கு அக்கறை அதிகம். சிலருக்கு அந்த அக்கறை, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மழை பார்க்கும் அளவுக்கு முற்றியிருந்தது.

இப்படிப்பட்ட ஊர், இந்த ஆண்டு மாரியம்மன் பொங்கலுக்கு, "ஆபாசப் படம் தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் கேடா, இல்லையா?" என்று பட்டிமன்றம் நடத்தியது. காரணம் முழுக்கப் பண்பாடு சார்ந்தது. ஆண்டுதோறும் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு இந்தத் தடவை அனுமதி கிடைக்கவில்லை. மேடையும் மைக் செட்டும் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டன.

பாண்டீஸ்வரி விஷயம் இதற்குக் காரணமே இல்லை என்று கமிட்டி ஒருமனதாக மறுத்தது. பாண்டீஸ்வரி அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். யாரோ அவள் முகத்தை ஒரு ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். கடை முதலாளி, விஷயம் அடங்கட்டும் என்று அவளை வீட்டுக்கு அனுப்பினார். சுற்றுவட்டாரத்தில் அந்தப் படம் வராத போன் அவளுடையது ஒன்றுதான். "எனக்கு வந்துச்சு, இன்னாருட்ட இருந்து வந்துச்சு" என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும், புகாரை நகர்த்திவிடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஒரு ஆளைத் தேடி அவள் மூன்று வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் ஊரில் எப்படிக் கிடைப்பான்? நாங்கள்தான் எதையும் பார்ப்பதில்லையே.

பட்டிமன்றத்துக்கு முதல் விதியை நானே எழுதினேன்: பேச்சாளர் எவரும் ஆபாசப் படம் பார்த்தவராக இருக்கக் கூடாது, பார்த்தவருக்கு நடுநிலை தவறிவிடும். 'கேடுதான்' என்று பேசப் பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். 'கேடில்லை' என்று பேச ஒருவரும் வரவில்லை. கடைசியில் கோயில் வழக்கப்படி பூக்கட்டிப் பார்த்தோம். அம்மன், ஆட்டு வியாபாரி ஜெயபாண்டியைத் தேர்ந்தெடுத்தாள்.

"ஆத்தா சொல்லிட்டா, தட்ட முடியாது. பேசுறேன்" என்றார் ஜெயபாண்டி. "ஆனா நான் பாத்ததில்லைன்னு மைக்குல மூணு வாட்டி சொல்லணும். எம் பொஞ்சாதி ராக்கம்மா முன் வரிசையில உக்காருவா."

மூன்று தடவை அறிவித்தோம். மூன்றாவது தடவை ராக்கம்மாள் லேசாகச் சிரித்தது போலிருந்தது.

நடுவர் முத்துராமலிங்கம், கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது ஆண்டுகள் எல்லா மனுக்களையும் 'பரிசீலனையில்' வைத்திருந்து ஓய்வு பெற்றவர். மொழிபெயர்ப்பு நாவல்களில் பனி பெய்யும் ஊர்களின் நீதிபதிகள் இப்படித்தான் சால்வை போர்த்திக்கொண்டு அமர்வார்கள். எங்கள் நடுவர் அதை நாற்பது டிகிரி வெயில் தாழ்ந்த மாலையில் செய்தார்.

ஷேர் ஆட்டோ ஓட்டும் கோட்டைச்சாமி 'கேடுதான்' அணிக்குப் பேசினார். கண் மங்கும், முதுகு வளையும், பெண்களை மதிக்கத் தோன்றாது, மேய்ச்சலுக்குப் போன ஆடு பக்கத்து ஊர்ப் பருத்திக்குள் புகுந்தாலும் தெரியாது என்று வரிசையாக அடுக்கினார். கேள்விப்பட்டதை மட்டும் வைத்து இவ்வளவு நுட்பமாகப் பேசியதைக் கூட்டம் வியந்து கைதட்டியது.

ஜெயபாண்டி எழுந்தார். அவருடைய வாதம் அசைக்க முடியாததாக இருந்தது. "நம்ம ஊர்ல யாருமே பாத்ததில்ல. அப்ப யாருக்குக் கேடு? அதால கெட்டு நிக்கிற ஒரே ஒரு ஆளக் காட்டுங்க, நான் உக்காந்துக்கிறேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து பாண்டீஸ்வரி எழுந்தாள்.

"இந்தா நிக்கிறேன் சித்தப்பா."

ஜெயபாண்டி உட்கார்ந்தார்.

"தாயி, இது தலைப்புக்குள்ள வராது" என்றார் நடுவர்.

"தலைப்பு இருக்கட்டும்யா. யாரு போனுக்கு வந்துச்சு, ஒருத்தர் சொல்லுங்க. அது போதும்."

ஆண்கள் அனைவரும் வானத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊர் உண்மையிலேயே மழை வருமா என்று பார்த்தது.

கோட்டைச்சாமிக்கு மனசு பொறுக்கவில்லை. நல்ல மனிதர். மைக்கைப் பிடித்தார். "எதுக்குத்தா கலங்குற? அது நீயே கெடையாது. நம்ம பிள்ளைக்கு மூக்குத்தி வலது பக்கம். அதுல இடது பக்கம்ல இருக்கு."

"ஆமாமா, இடதுதான்" என்றார் நடுவர், தன் மைக்கில். "இடது, இடது" என்று பின்வரிசைகள் வழிமொழிந்தன. அன்று மாலை ஊர் முழுவதும் ஒத்துப்போன ஒரே கருத்து இதுதான்.

பாண்டீஸ்வரியின் கை மூக்குத்திக்குப் போனது. அவள் அண்ணன் கல்யாண பிளக்ஸில், மாப்பிள்ளையைப் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று கடைக்காரன் அவள் போட்டோவை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தான். மூக்குத்தி பக்கம் மாறிவிட்டது என்று அவள் அப்போது சண்டை போட்டது எனக்கு நினைவிருக்கிறது. முகம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கொஞ்ச நேரம் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"சரிண்ணே. அதுல இருக்கிறது நான் இல்லைன்னு எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க." என்றவள் என் பக்கம் திரும்பினாள். "மதண்ணே, நீங்க எழுதுங்க. புஸ்தகம் படிக்கிற ஆளு, வெவரமா எழுதுவீக."

ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க எங்கள் ஊர் அன்று முண்டியடித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் கையெழுத்து நடுவர். இரண்டாவது கோட்டைச்சாமி. ஜெயபாண்டி மட்டும் பேனாவை வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

"போடுங்க" என்றாள் ராக்கம்மாள். "போட்டுட்டு வீட்டுக்கு வாங்க."

மொத்தம் நாற்பத்தோரு கையெழுத்து. அதன் பின் நடுவர் தீர்ப்பு வழங்கினார்: ஆபாசப் படம் உலகத்துக்குக் கேடு, எங்கள் ஊரில் யாரும் பார்க்காததால் எங்கள் ஊருக்குக் கேடில்லை.

பாண்டீஸ்வரி கடிதத்தை மேடைப் படியில் நின்றே படித்தாள். முதல் வரியிலேயே நிறுத்தி, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நன்றி சொல்கிறாள் என்று நினைத்து நானும் தலையசைத்தேன்.

மறுநாள் காலை டவுன் பஸ் ஏறியவள், அருப்புக்கோட்டையில் இறங்கி ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. பஸ் மாறி, பாலவனத்தம் தாண்டி, விருதுநகரில் வக்கீலைப் பார்த்து, அவரோடு போலீஸுக்குப் போனாள். வக்கீல் கேட்டது ஒரு சாட்சி. அவள் கொண்டுபோனது நாற்பத்தொன்று, சொந்தக் கையெழுத்தோடு.

இப்போது கண்மாய்க் கரையில் யாரும் மழை பார்ப்பதில்லை. போனோடு வரச் சொல்லி ஒவ்வொருவராக அழைப்பு வருகிறது. எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. கடிதத்தின் முதல் வரியை விளக்க வேண்டுமாம். விவரம் துல்லியமாக இருக்கட்டுமே என்று நான் எழுதியிருந்தேன்: "இரண்டு நிமிடம் பதினாறு விநாடி ஓடும் அந்தப் படத்தில் இருப்பவர் எங்கள் ஊர்ப் பாண்டீஸ்வரி அல்ல."

எவ்வளவு நேரம் ஓடும் என்று மேடையில் யாரும் சொல்லவில்லை.