கட்டத்தை விட்டு நகராத பதினொரு பேர்

ஆகஸ்ட் மாதத்து இரண்டாவது ஞாயிறு, மாலை மூன்று மணி நாற்பது நிமிடம். மேகமூட்டம், மழை இன்னும் இல்லை. டாலிகஞ்சில் எங்கள் காலனியின் கல்யாணமானவர்கள் கால்பந்து அணிக்குப் பயிற்சியாளராக மைதானத்தில் இறங்கினேன். எதிரணி, கல்யாணமாகாதவர்கள். (வருஷாவருஷம் நடக்கிற ஆட்டம். ஆறு வருஷமாக எங்களுக்குத் தோல்வி.) தோற்ற அணியின் பயிற்சியாளர் எல்லோருக்கும் இலிஷ் மீன் வாங்கித் தர வேண்டும்; வங்காளிகள் உயிரை விடுகிற, விலை கூடிய மீன். நான் மீனைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன், ஒரு புத்தகத்தை நம்பி.

கால்பந்து வியூகம் பற்றிய புத்தகம். இருநூற்று நாற்பது பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு படித்திருந்தேன். மைதானத்தை இருபது கட்டமாகப் பிரி. ஒரே வரிசையில் மூன்று பேருக்கு மேல் நிற்காதே. அப்போது பந்து வைத்திருப்பவன் அதைத் தட்டிவிட எப்போதும் ஒரு ஆள் இருக்கும். முப்பத்தெட்டு வருஷம் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவனுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? பதினான்கு கிலோ சுண்ணாம்புப் பொடியில் கட்டம் போட்டேன். என்னைக் கேட்காமல் யாரும் நகரக்கூடாது என்று மூன்று முறை சொன்னேன்.

நகரவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒன்பதாவது நிமிடம். எங்கள் முன்கள ஆட்டக்காரர் தபனுக்கு இரண்டடி தள்ளிப் பந்து அநாதையாகக் கிடந்தது. ஐம்பது வயது மனிதர், கோட்டில் கால் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மேஷோமொஷாய், ஜாபோ?” (மாமா, போகட்டுமா?)

அந்த வரிசையில் இருப்பது இரண்டு பேரா, மூன்று பேரா என்று எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் எதிரணி வாலிபன் பந்தைக் கொண்டுபோய் கோல் போட்டான். இடைவேளைக்குள் இப்படி நான்கு.

“சீனி-தா, உங்க ஆளுங்க ரேஷன் க்யூவில நிக்கறாங்களா?” என்று வங்காள மொழியில் என்னைக் கேட்டார் கிளப் செயலாளர் பாபுல்-தா. (தா என்றால் அண்ணா.)

பிறகு மழை வந்து சுண்ணாம்பைக் கரைத்தது. கட்டம் தெரியாமல் போனதும் என் ஆட்கள் ஓட ஆரம்பித்தார்கள். தபன் ஓரத்துக்கு ஓட, அவரைக் காவல் காத்த இருவரும் பின்னாலேயே போனார்கள். காலியான இடத்தில் எங்கள் பல் டாக்டர் புகுந்து கோல் அடித்தார். அதே மாதிரி இன்னொன்று. நாலுக்கு இரண்டு; தோல்விதான். ஒருவன் இடத்தை விட்டால் எதிராளியும் கூடப் போவான், அங்கே இன்னொருவன் நுழைய வேண்டும் என்பது நூற்றுப் பதிமூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கத்தில் போட்டால் என்ன கேடு?

எல்லோருக்கும் மீன் வாங்கிக் கொடுத்துவிட்டு, நாறுகிற காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

“ஏன்னா, வாசல்லயே நில்லுங்கோ. அந்தக் கட்டத்தை விட்டு நகராதேள்” என்றாள், ஆட்டத்துக் கதையை எனக்கு முன்பே கேட்டுவிட்டிருந்த என் மனைவி.

இன்றைக்கும் என் மகள் சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்திருக்கும்போது என்னைப் பார்த்து “ஜாபோ?” என்கிறாள். மாப்பிள்ளையும் சிரிக்கிறார்.

மீன், வெட்டுக்கூலி, சுண்ணாம்பு, புத்தகம் எல்லாம் சேர்த்து பத்தாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.